மொரிஷியஸ் தீவுக்கு 300 கோடி வயதா?

தைப்பூசக் காவடி இறக்கி, வாழையிலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். மொரிஷியஸுக்கு அடியில் 300 கோடி ஆண்டுப் பழைய கண்டம் கிடக்கிறதாம், அதுதான் குமரிக்கண்டமாம்.

செய்தி பாதி சரி. ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஆஷ்வால் குழு 2017இல் இங்குள்ள டிராக்கைட் எரிமலைப் பாறையில் பழைய சிர்கான் (எளிதில் அழியாத ஒரு கனிமம்) மணிகளைக் கண்டது உண்மை. பாறைக்குச் சுமார் 60 லட்சம் வயது, மணிகளுக்கு 250 முதல் 300 கோடி. பேரன் கட்டிய வீட்டில் தாத்தா குடியிருந்தால் வீட்டுக்குத் தாத்தாவின் வயதா? சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஒதுக்கும். பின்னால் உள்ளே சேரும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. ஆக, அந்த எண் மணி பிறந்த நாளைத்தான் சொல்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது, இந்த மணிகள் பிறந்த பழைய நிலத்துண்டு சிதறியது. அதற்கே 6 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. அப்போது குமரியும் இல்லை, மனிதனும் இல்லை.

இதற்கு முன் 2013இல் இங்குள்ள கடற்கரை மணலில் வேறு சில பழைய சிர்கான் மணிகள் கிடைத்தபோது, வேறெங்கிருந்தோ வந்து கலந்திருக்கும் என்று சந்தேகித்தார்கள். நியாயமான சந்தேகம். வயதுக் கணக்கையே கலப்படம் கெடுத்துவிடும். ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி வயது என்று 1956இல் அறிவித்த அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன், காற்றிலும் பாத்திரத்திலும் இருந்த ஈயத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர். சில குங்குமப் பொடிகளிலும் ஈயம் உண்டு. கோயிலிலிருந்து நேரே ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் நெற்றியைக் கழுவிக்கொள்வது நல்லது!

இப்படி வேறு வழியில் வந்த சரக்கால் நிபுணர்களே சறுக்கிய இடம் சந்திரனின் வயது. அங்கே கடிகாரமாக இருந்தது டங்ஸ்டன் உலோகம். ஹாஃப்னியம்-182 என்ற கதிரியக்க அணுவின் அரைவாழ்வு (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 89 லட்சம் ஆண்டு. சிதைந்து டங்ஸ்டன்-182 ஆகும். ஒரு கோளின் நடுவே இரும்பு உள்ளகம் தனியாகப் பிரியும்போது டங்ஸ்டன் இரும்போடு போய்விடும், ஹாஃப்னியம் பாறையிலேயே தங்கும். எனவே பாறையில் டங்ஸ்டன்-182 மிகுந்திருந்தால் உள்ளகம் சீக்கிரமே பிரிந்தது என்று கணக்கு. சந்திரப் பாறைகளில் அப்படி மிகுதி தெரிந்தது. ஆனால் விண்கதிர்கள் கிளப்பிய நியூட்ரான்கள் பாறையிலுள்ள டாண்டலம்-181 என்ற வேறொரு உலோக அணுவில் மோதினாலும் கடைசியில் அதே டங்ஸ்டன்-182தான் வரும். டாண்டலம் அநேகமாக இல்லாத உலோகத் துகள்களை 2007இல் அளந்தபோது, முன்பு கண்ட மிகுதி மறைந்தது. சந்திரன் முன்பு நினைத்ததைவிடத் தாமதமாகவே பிறந்தது என்று கணக்கு மாறியது.

சந்திரனிலும் பூமியிலும் ஆக்ஸிஜன் அணு வகைகளின் விகிதம் ஒத்துப்போகிறது, ஆகவே சந்திரன் பூமியிலிருந்து பிய்ந்ததுதான் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. என்ஸ்டடைட் காண்ட்ரைட் என்ற வகை விண்கற்களின் ஆக்ஸிஜன் விகிதமும் ஏறத்தாழ அதேதான். அவை பூமியிலிருந்து பிய்ந்தவை அல்ல.