லீவு நாளுக்கும் கூலி உண்டு: தினக்கூலிக்காரர்கள் கணக்குப் போடுவது எப்படி?

வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. தினக்கூலி என்றாலே இவ்வளவுதான் என்று சேலத்துப் பக்கம் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேகோ பேக்டரிக் களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிறவரும் சரி, ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவரும் சரி, ஆகஸ்ட் 15-க்குக் கூலி கேட்கலாமே என்று யோசிப்பதில்லை. தாராளமாகக் கேட்கலாம். தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலை, எஸ்டேட், கடை எல்லாம் அதற்குள் வரும்.

ஒரு நோட்டும் பேனாவும் போதும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

படி 1: எந்தெந்த நாள் என்று எழுதுங்கள்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நான்கும் எல்லா இடத்துக்கும் பொது. இவை போக வருடத்துக்கு ஐந்து பண்டிகை நாட்கள். எந்த ஐந்து என்பது இடத்துக்கு இடம் மாறும். முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்துகொண்டு, இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு ஆய்வாளர் முடிவு செய்வார். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார். அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விடுவது. தனியார் கம்பெனிக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஐந்தில் ஒன்றாக அந்த நாள் இருந்தால்தான் கூலி.

ஓட்டுப் போடும் நாள் இந்த ஒன்பதில் சேராது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி, வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு அன்று கூலியோடு விடுமுறை. லீவு நாளுக்குக் கூலி கிடையாது என்ற ஏற்பாட்டில் வேலை செய்கிறவருக்கும் கொடுத்தே ஆகவேண்டும்.

படி 2: உங்கள் ஒருநாள் கூலி எவ்வளவு?

பணம் நழுவுகிற இடம் இதுதான். மீதியெல்லாம் வெறும் பெருக்கல்.

தினமும் மாறாத ஒரே நாள்கூலி என்றால் அதுவேதான் விடை. ஆனால் அகவிலைப்படியையும் பார்க்க வேண்டும். தமிழக அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலியில் அது ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். அதனால் மே தினக் கூலியைப் புது ரேட்டில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்; பழைய ரேட்டிலேயே எழுதிவிட்டுப் போகிற ரைட்டர்கள் (கூலிக் கணக்கு எழுதுகிறவர்கள்) உண்டு. குறைந்தபட்சக் கூலியை மாதக் கணக்கில் சொல்லியிருந்தால் 26-ஆல் வகுத்தால் நாள் கணக்கு வரும். 13,000 என்றால் 500.

கிலோ கணக்கிலோ பீஸ் கணக்கிலோ கூலி வாங்குகிறவர்கள் சராசரி எடுக்க வேண்டும். சம்பளத்தோடு எடுக்கும் லீவுக்குப் பழைய சட்டங்களே வழி சொல்லியிருக்கின்றன. 1948 தொழிற்சாலைச் சட்டம் லீவுக்கு முந்தைய மாதத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் முந்தைய 12 மாதங்களை. இரண்டிலும் ஓ.டி.யும் (கூடுதல் நேர வேலைக் கூலி) போனஸும் சேராது.

எஸ்டேட் உதாரணம் ஒன்று. எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. வருடம் முழுக்கக் கைக்கு வந்தது 1,42,600 ரூபாய். அதில் போனஸ் 10,400, ஓ.டி. 2,200. இரண்டையும் கழித்தால் 1,30,000. செக்ரோலில் (எஸ்டேட் வருகைப் பதிவேட்டில்) பதிவான வேலை நாட்கள் 260. 1,30,000-ஐ 260-ஆல் வகுத்தால் ஒருநாள் கூலி 500 ரூபாய்.

365-ஆல் வகுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் 356 ரூபாய்தான் வரும். வேலை செய்யாத நாளையும் வகுத்தியில் சேர்த்தால் கூலி குறையத்தானே செய்யும்? யாராவது 'சராசரி போட்டோம்' என்று சொன்னால், எத்தனையால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

படி 3: அந்த வாரக் கூலியைப் போடுங்கள்

அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை வருகிறது, நாள்கூலி 500, ஞாயிறு வார ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி தவிர மற்ற ஐந்து நாளும் வேலைக்குப் போனால் 2,500. லீவு நாளுக்கு 500. மொத்தம் 3,000.

வெள்ளிக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டால்? இரண்டு வழி இருக்கிறது. அன்றைக்கு இரட்டைக் கூலியாக 1,000 வாங்கலாம்; வாரத்துக்கு 3,500 ஆகும். இல்லாவிட்டால் அன்றைய 500-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு, வேறொரு நாள் கூலியோடு மாற்று லீவு எடுக்கலாம். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்குத்தான், மேஸ்திரிக்கு இல்லை. லீவுக் கூலி ஒன்று, அதற்கு மேல் டபுள் என்று மூன்று மடங்கு கேட்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் சொல்வது மொத்தமாக இரண்டு மடங்கு.

படி 4: சேர்ந்திருக்கும் லீவு

பண்டிகை லீவு போக, வேலை செய்த நாட்களுக்கு ஏற்பச் சேரும் லீவும் உண்டு. 20 நாள் வேலைக்கு ஒருநாள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டப்படி, ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் இது 240 நாள். மேலே சொன்ன 260 நாளுக்கு 13 நாள் லீவு. 500 வீதம் 6,500 ரூபாய். 365-ஆல் வகுத்த கணக்கில் இதுவே 4,630. கிட்டத்தட்ட 1,870 ரூபாய் காணாமல் போகிறது. லீவுக்கு நடுவில் பண்டிகை நாள் வந்தால் அதை இந்த 13-ல் கழிக்கக்கூடாது.

படி 5: கொடுத்ததோடு ஒப்பிடுங்கள்

"தீபாவளிக்கு போனஸ் கொடுத்தாச்சே" என்பார்கள். போனஸ் வேறு, லீவுக் கூலி வேறு. பொங்கலுக்கு வாங்கிய அட்வான்ஸைப் பிடித்திருந்தால் அதைத் தனி வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் எது குறைந்தது என்றே தெரியாது.

குறைந்திருந்தால் முதலில் ரைட்டரிடமோ கணக்குப்பிள்ளையிடமோ நோட்டைக் காட்டிப் பேசுங்கள். பல இடத்தில் அங்கேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. மனுவில் நீளமாக வேதனையை எழுத வேண்டாம். லீவு தேதி, ஒருநாள் கூலி, வரவேண்டியது, வந்தது, பாக்கி என்று வரிசையாக எழுதி, கூலிச் சீட்டின் நகலை இணைத்துக் கொடுங்கள். சீட்டே தராத இடமென்றால், வேலைக்குப் போன தேதிகளை அன்றன்றைக்கு எழுதிவைத்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்த மனுவுக்கு மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.