சங்கீதங்களில் தண்ணீர் வந்தால் எப்படி வாசிப்பது

பைபிளின் பாடல் நூலான சங்கீதங்களில் தண்ணீர் என்றதும் ஆசீர்வாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் அது ஊற்றா, கடலா, மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறா என்று பாருங்கள். 69ஆம் சங்கீதத்தில் வெள்ளம் சாவின் பக்கம் நிற்கிறது. 42இல் இன்னும் சுவாரசியம், நீரோடைக்குத் தவிக்கும் மானோடு தொடங்கி, சில வசனங்களுக்குள் அலைகளெல்லாம் தன்மேல் புரண்டதாகப் பாடகர் புலம்புகிறார், ஒரே பாட்டில் தாகமும் மூழ்குவதும் (இரண்டையும் சமரசம் செய்ய முயலவே வேண்டாம்). பக்கத்து வரியையும் சேர்த்தே படியுங்கள், சங்கீதங்களின் மூலமொழி எபிரேயம், அதன் கவிதை பெரும்பாலும் ஜோடி வரிகளில்தான் பேசும். அப்புறம் அந்தத் தண்ணீர் ஓடும் நிலத்தையும் பாருங்கள். பைபிளின் இன்னொரு நூலான யோபு 6ஆம் அதிகாரத்தில், யோபுவைக் கைவிட்ட நண்பர்கள் வெயிலில் வற்றிப்போகும் ஓடை. 126ஆம் சங்கீதத்திலோ அதே மாதிரி வறண்ட நெகேவ் (தெற்கு இஸ்ரேலின் பாலைநிலம்) ஓடைகளில் திடீரென நீர் பாய்வதுபோல மீட்பு வரட்டும் என்று வேண்டுகிறார்கள்.