மூட்டையில் இருப்பது எந்தக் கூன்வண்டு?

வேலூர், காட்பாடிப் பக்கம் அரிசி மூட்டையைப் பிரித்ததும் ஊர்ந்து வரும் வண்டெல்லாம் ஒரே வகை அல்ல. முதலில் மூக்கைப் பாருங்கள். தும்பிக்கை போல நீண்டிருந்தால் கூன்வண்டு. இல்லாவிட்டால் மாவு வண்டோ வேறேதோ, அதை விட்டுவிடுவோம்.

கூன்வண்டில் நெருங்கிய சொந்தங்கள் மூன்று: அரிசிக் கூன்வண்டு, மக்காச்சோளக் கூன்வண்டு, களஞ்சியக் கூன்வண்டு. கடைசியானது எளிது. முதுகில் புள்ளி கிடையாது, பறக்கவும் முடியாது. கழுத்துக் கவசத்தில், அதாவது தலைக்கும் இறக்கை உறைக்கும் நடுவிலுள்ள கெட்டியான ஓட்டில், உள்ள சிறு குழிகள் நீள்வட்டமாக இருக்கும். குளிர்நாட்டுப் பூச்சி அது. வேலூர் வெயிலில் தேட வேண்டாம்.

சிக்கல் மற்ற இரண்டில்தான். இரண்டுக்கும் இறக்கை உறையில் 4 செம்மஞ்சள் புள்ளிகள் உண்டு. மக்காச்சோள வண்டு பொதுவாகச் சற்றுப் பெரிது, புள்ளிகளும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அளவை மட்டும் நம்பாதீர்கள், தின்று வளர்ந்த தானியத்தைப் பொறுத்து அது மாறும். கிடைத்த இடமும் சாட்சியாகாது. இரண்டுமே அரிசியையும் தின்னும், மக்காச்சோளத்தையும் தின்னும்.

செத்த வண்டை வெள்ளைத் தாளில் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, 10 மடங்கு லென்ஸில் கழுத்துக் கவசத்தைப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் குழியில்லாத மெல்லிய கோடு தெரிந்தால் பெரும்பாலும் அரிசி வண்டு. குழிகள் கோடு விடாமல் பரவியிருந்தால் மக்காச்சோள வண்டு. இதுவும் நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல முடியாது. உறுதியாக வேண்டுமென்றால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்: மேற்புறம் வழவழப்பாக இருந்தால் அரிசி வண்டு, நீளமாக இரண்டு பள்ளங்கள் ஓடினால் மக்காச்சோள வண்டு.

வீட்டு அரிசிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம், சல்லடையே போதும்.