செங்கல் தொட்டிக் கசிவை நிறுத்திய விதம்

காரைக்குடி வீட்டின் பின்கட்டில், ஜப்பான்காரர்களின் 'ஒஃபுரோ' மாதிரி ஆழமான குளியல் தொட்டி ஒன்றைச் செங்கல்லில் கட்டினோம். உள்ளே நீளம் 1 மீட்டர், அகலம் 80 செ.மீ., தண்ணீர் ஆழம் 60 செ.மீ., அதாவது 480 லிட்டர். கிட்டத்தட்ட அரை டன், மாடியில் கட்ட நினைப்பவர்கள் முதலில் இன்ஜினியரைக் கேளுங்கள்.

ராத்திரி நிரப்பினால் காலையில் நாலு விரல் குறைந்திருந்தது. பூச்சு பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் தரையும் சுவரும் சேரும் மூலையில் நகம்கூட நுழையாத ஒரு கோடு, துடைத்துக் காயவிட்ட பிறகும் அந்த இடம் மட்டும் கருத்தே கிடந்தது. கொத்தனார் "மேலாக ஒரு பூச்சு போட்டுடலாம் தம்பி" என்றார். "வேண்டாம் அண்ணே, கொத்திப் பார்த்துடுவோம்" என்றேன். உளியால் வி வடிவில் கொத்தி, தூசி போகக் கழுவி, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடைத்து, மூலை முழுக்க வளைவாக உருட்டிவிட்டோம், ஏனென்றால் சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வரும்போது கூரான மூலைதான் முதலில் விரிசல் விடும். அது இறுகியபின் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட், குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மூலையில் மட்டும் இடையே ஃபைபர் வலை. நன்றாகக் காயவிட்டு நிரப்பினோம். தண்ணீர் மட்டத்தில் போட்ட சாக்பீஸ் கோட்டை விட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

உள்ளே ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்யும் சிமெண்ட் டைல், பதிக்கச் சொன்னார்கள். அது தண்ணீரை உறிஞ்சும், வெளிப்பக்கத்துக்குச் சரி. சூடு 40 டிகிரி போதும். சோப்புப் போட்டு வெளியிலேயே குளித்துவிட்டு இறங்கினால் அதே தண்ணீரில் அடுத்தவரும் உட்காரலாம், மேலே பலகை மூடி போட்டால் சூடும் நிற்கும்.