கம்யூனிட்டி பவுண்டேஷன்ல கிராண்ட் கேக்குறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

புதுசா தொண்டு அமைப்பு ஆரம்பிச்சவங்க, கம்யூனிட்டி பவுண்டேஷன்ல கிராண்ட், அதாவது நிதி உதவி கேட்டு ப்ரொபோசல் எழுதிட்டு, அனுப்புறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாருங்கன்னு என்கிட்ட குடுப்பாங்க. யார் எழுதினாலும் அதே பழைய தப்புங்கதான். கடைசித் தேதிய விடுறது, கையெழுத்து போட மறக்குறதெல்லாம் இங்க சொல்லல, ஒரு தடவ பட்டா தானா சரியாயிடும்.

பவுண்டேஷனோட மொத்த சொத்தப் பாத்துட்டு தொகை எழுதுறது

இந்த மாதிரி பவுண்டேஷன முதல்ல ஆரம்பிச்சது 1914ல, அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல, ஃப்ரெடரிக் கோஃப்னு ஒரு பேங்க்காரர். ஊர்க்காரங்க பலபேர் குடுத்துட்டுப் போற பணத்த ஒரே இடத்துல சேத்து வச்சு, அந்தந்தக் காலத்துல ஊருக்கு எது தேவையோ அதுக்கு ஒரு கமிட்டி பாத்துக் குடுக்கணும்ங்கிறதுதான் ஐடியா. ஆனா அந்த மூலதனத்துல கை வைக்க மாட்டாங்க, முதலீடு பண்ணி வச்சு வருஷத்துக்கு பொதுவா 4, 5 சதவீதம்தான் எடுப்பாங்க. அதுலயும் நிறைய பணம், குடுத்தவங்களே இன்னதுக்குத்தான்னு எழுதி வச்சது. விண்ணப்பம் போட்டு வாங்கக்கூடியது மீதிதான். உங்க அளவு அமைப்புங்களுக்கு முன்னாடி எவ்ளோ குடுத்திருக்காங்கன்னு பாத்துட்டு கேளுங்க.

நிர்வாகச் செலவு பூஜ்யம்னு போடுறது

இத நினைச்சா இன்னும் எரிச்சலா வருது. பிள்ளைங்களுக்கு சாயங்கால டியூஷன் நடத்துற ஒரு அமைப்பு, பட்ஜெட்ல டீச்சர் சம்பளம், நோட்டு, ஸ்நாக்ஸ், அவ்ளோதான், கடைசி வரில தடிச்ச எழுத்துல "நிர்வாகச் செலவு: 0". ரூம் வாடகை யார் குடுக்குறா, கணக்கு யார் எழுதுறா, ஆடிட்டுக்கு பணம் எங்கன்னு கேட்டேன், அதெல்லாம் எப்டியாவது சமாளிச்சுக்கலாம், பூஜ்யம் போட்டாதான் நம்மள நல்லவங்கன்னு நினைப்பாங்கன்னாங்க. கேட்ட தொகை அப்படியே கெடச்சுது, வினையே அங்கதான் ஆரம்பிச்சுது. பிள்ளைங்க கூட்டம் அதிகமாச்சு, பெரிய ரூம் எடுத்தாங்க, வாடகைக்கு வழியில்லாம, லைப்ரரிக்குன்னு வேற ஒருத்தர் குடுத்திருந்த பணத்துல இருந்து எடுத்துட்டாங்க. யாரும் ஒரு பைசா வீட்டுக்குக் கொண்டு போகல, ஆனா ஒரு வேலைக்குன்னு குடுத்த பணத்த இன்னொண்ணுல போட்டா கணக்குல அது மீறல்தான். ஆடிட்ல வெளிய வந்துச்சு, பணத்தத் திருப்பிக் கேட்டாங்க, அடுத்த வருஷ கிராண்டும் போச்சு, டியூஷனும் நின்னு போச்சு.

தயவுசெஞ்சு உண்மையான செலவ எழுதுங்க. ரூம பாதி நேரம் டியூஷனுக்கு யூஸ் பண்றீங்கன்னா பாதி வாடகை அந்தத் திட்டத்தோட செலவுதான், கணக்காளர் சம்பளத்துலயும் ஒரு பங்கு அதுக்கு உண்டு. அமெரிக்க மத்திய அரசு குடுக்குற கிராண்ட்லயே, தனியா ரேட் பேசி வைக்காத அமைப்புங்க மறைமுகச் செலவுக்கு, அதாவது வாடகை, கணக்கு மாதிரி பொதுவான செலவுக்கு எடுத்துக்கிற அளவ 2024ல 10 சதவீதத்துல இருந்து 15 ஆக்கிட்டாங்க. பவுண்டேஷன் ஒரு வரம்பு வச்சிருந்தா, எதெல்லாம் நேரடிச் செலவா காட்டலாம்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஒரே ப்ரொபோசல பத்து இடத்துக்கு அனுப்புறது

அனுப்பாதீங்க.

பேசக் கூச்சப்படுறது

உங்க கேள்விக்கு பதில் சொல்றது, பவுண்டேஷன்ல கிராண்ட பாத்துக்குற ப்ரோக்ராம் ஆஃபீசரோட வேலை. எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க.

திட்டம் மாறினத மறைக்கிறது

டீச்சர் கெடைக்கல, இடம் மாறிடுச்சு, இதெல்லாம் சகஜம், அவங்களுக்கும் தெரியும். பணத்த வேற தலைப்புல செலவு பண்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டு, எழுத்துல சம்மதம் வாங்கி ஃபைல்ல வைங்க. செலவு பண்ணிட்டு அப்புறம் போய் நின்னா, உங்க மேல எவ்ளோ நல்ல எண்ணம் வச்சிருக்கிற ஆஃபீசரா இருந்தாலும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.