டெக்கான் குயின் ரயிலை எச்.ஓ. (1:87) அளவில் கட்டப் போகிறீர்களா? முதலில் ஒரு தேதியை முடிவு செய்யுங்கள்

டெக்கான் குயின் 1930 ஜூன் 1 அன்று பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பெயர் மாறவில்லை, வண்டி பலமுறை மாறிவிட்டது. மாடலில் நடக்கும் பெரிய தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்தே வருகின்றன: 1930-களின் நிறம், 1970-களின் பெட்டி, 1990-களின் என்ஜின் மூன்றும் ஒரே தண்டவாளத்தில் வந்து நிற்கும். ஆகவே பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டும் முன் ஒரு ஆண்டைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கையில் வரும் ஒவ்வொரு படத்தையும் அளவையும் அந்த ஆண்டோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

தேர்வு செய்ய நான்கு காலங்கள் உண்டு. 1930-ல் ஏழு பெட்டிகள் கொண்ட இரண்டு ரேக்குகள் (பெட்டித் தொடர்கள்) இருந்தன. ஒன்று வெள்ளி நிறம், சிவப்பு மோல்டிங் (பெட்டிப் பக்கத்தில் புடைத்த பட்டை). மற்றது ராயல் நீலம், பொன் கோடுகள். அடிச்சட்டம் இங்கிலாந்தில் செய்யப்பட்டது, மேல்கூடு ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயின் மாதுங்கா பணிமனையில் கட்டப்பட்டது. 1966-ல் பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) கட்டிய முழு எஃகுப் பெட்டிகள் வந்தன; ரேக் 12 பெட்டிகளாக நீண்டது. 1995-ல் ஏர் பிரேக் (காற்றழுத்த பிரேக்) பெட்டிகள் வந்தன. 2022 ஜூனில் எல்.எச்.பி. (ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதிய வகை) பெட்டிகள்.

முதல்முறை கட்டுபவர் 1966 ரேக்கை எடுப்பதே நல்லது. காரணம் எளிது: ஐ.சி.எஃப். கூட்டின் அடிப்படை அளவுகள் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. சென்னையில் ஐ.சி.எஃப். அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு டேப்போடு போனால், சந்தேகமான இடத்தை நேரில் அளந்து பார்க்கலாம். 1930 பெட்டிகளுக்கு அந்த வசதி இல்லை. படங்களிலிருந்தே அளவெடுக்க வேண்டும்.

1:87-க்கு மாற்றிய ஐ.சி.எஃப். அளவுகள் இவை. கூட்டின் நீளம் 21,337 மி.மீ.; மாடலில் 245. பஃபரோடு (முனையில் மோதலைத் தாங்கும் தாங்கி) சேர்த்து 22,297, மாடலில் 256. அகலம் 3,245, மாடலில் 37.3. தண்டவாளத்திலிருந்து உயரம் 4,025, மாடலில் 46.3. போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பூட்டிய சட்டம்) மையங்களுக்கு இடையே 14,783, மாடலில் 170. போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 2,896, மாடலில் 33.3. சக்கர விட்டம் 915, மாடலில் 10.5. பன்னிரண்டு பெட்டிகளுக்கு மட்டும் 3.1 மீட்டர் வேண்டும், என்ஜின் தனி. மேசையின் நீளத்தை இப்போதே பாருங்கள்.

அகலப்பாதையின் தண்டவாள இடைவெளியான 1,676 மி.மீ. இந்த அளவில் 19.3 ஆகும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5. தண்டவாளத்தை மாற்ற வேண்டாம். கூட்டின் அகலத்தையும் குறைக்க வேண்டாம். ஐரோப்பிய போகியை அப்படியே பொருத்தினால் பக்கச் சட்டங்கள் கூட்டுக்கு அடியில் உள்வாங்கி, பெட்டி ஒடுங்கிய காலில் நிற்பது போல் தெரியும். சக்கர அச்சைத் தாங்கும் உள்சட்டத்தை விட்டுவிட்டு, ஐ.சி.எஃப். போகி வடிவில் செய்த போலிச் சட்டத்தைப் பக்கத்துக்கு 1.4 மி.மீ. வெளியே தள்ளி ஒட்டுங்கள். வளைவில் அது படிக்கட்டில் உரசுகிறதா என்று ஒட்டும் முன்பே தள்ளிப் பாருங்கள். 600 மி.மீ. ஆர வளைவில் பெட்டியின் நடுப்பகுதி 6 மி.மீ. உள்ளே போகும், முனைகள் ஏறக்குறைய 6.5 மி.மீ. வெளியே வரும். அதைவிடச் சிறிய வளைவு இந்த வண்டிக்கு ஆகாது.

படங்களைப் படிப்பதில்தான் உண்மையான உழைப்பு. பக்கவாட்டில், தூரத்தில் நின்று எடுத்த படமே அளவுக்கு உதவும். அருகில் சாய்வாக எடுத்ததில் ஜன்னல் இடைவெளிகள் ஒரு பக்கம் குறுகிவிடும். தெரிந்த ஒரு நீளத்தை, உதாரணமாக ஐ.சி.எஃப். பெட்டியில் போகி மையங்களின் 14,783-ஐ, அடிப்படையாக வைத்து மற்றவற்றைக் கணக்கிடுங்கள். ஒரே அளவை மூன்று படங்களில் எடுத்து, ஒத்துவராததைத் தள்ளுங்கள்.

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிக்கும்போது இரட்டைக் கவனம் தேவை. 1930-களில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு கருப்பாகவும், நீலம் வெளிறியும் தெரியும். ராயல் நீல ரேக் அதில் வெளிர் சாம்பலாக விழும்; அதை வெள்ளி ரேக் என்று எண்ணிவிடுவது எளிது. பெட்டியின் நிறத்தைப் பார்க்காமல் மோல்டிங்கைப் பாருங்கள்: கன்னங்கரேல் என்றிருந்தால் பெரும்பாலும் சிவப்பு, அதாவது வெள்ளி ரேக். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமும் அப்போது இருந்ததால், இந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

தேதியில்லாத படத்துக்கு வயது சொல்ல எழுத்துகள் உதவும். ஜி.ஐ.பி. 1951 நவம்பரில் மத்திய ரயில்வே ஆனது. இந்த வண்டியில் மூன்றாம் வகுப்பு 1955-ல் சேர்ந்தது, 1974-ல் இரண்டாம் வகுப்பு என்று பெயர் மாறியது. ஆகவே பெட்டியில் மூன்றாம் வகுப்பு என்றிருந்தால் படம் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். பெட்டியின் முனையும் பேசும்: பழைய வேக்குவம் (வெற்றிட) பிரேக் என்றால் தடித்த குழாய் ஒன்று, 1995-க்குப் பிறகு மெல்லிய குழாய்கள் இரண்டு. எல்.எச்.பி.யில் பக்க பஃபர்களே இல்லை, நடு கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மட்டும்தான்.

பெட்டி வரிசையை மொத்த எண்ணிக்கையிலிருந்து ஊகிக்காதீர்கள். பிற்காலத்தில் 17 பெட்டிகள் என்றாலும் ஏசி சேர் கார் ஐந்தாக இருந்த காலமும் உண்டு, நான்காக இருந்த காலமும் உண்டு. 1995 ரேக்கின் உணவுப் பெட்டியில் 32 பேர் மேசையில் அமர்ந்து சாப்பிடலாம். உள்ளே நாற்காலி வைக்கும்போது இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

என்ஜினுக்கு, 1930-களில் டபிள்யூ.சி.பி-1 வகை மின் என்ஜின், 1950-களின் நடுவிலிருந்து டபிள்யூ.சி.எம்-1. முன்னதில் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதிலிருந்து அளவை எடுங்கள், ரிவெட்டை எண்ணுங்கள், நிறத்தை மட்டும் எடுக்காதீர்கள். அருங்காட்சியக வண்டிகள் மறுபடி மறுபடி பெயிண்ட் அடிக்கப்படுபவை. பிரிட்டிஷ் கிட்டுகள் பெரும்பாலும் 1:76. 1:87 பெட்டியோடு கோத்தால் என்ஜின் 14 சதவீதம் பெருத்து நிற்கும்.

பெயிண்டில், கிரீமும் ஆக்ஸ்ஃபோர்டு நீலமும் ஜன்னலுக்கு மேல் சிவப்புப் பட்டையும் கொண்ட வண்ணம் என்றால் கிரீமை முதலில் ஸ்பிரே செய்யுங்கள். ஒரு நாள் காய்ந்தபின் டேப் ஒட்டி, டேப் ஓரத்தில் மெல்லிய கிளியர் கோட் விட்டு அடைத்து, பிறகு நீலம். இந்த அடைப்பை விட்டால் மோல்டிங் ஓரமாக நீலம் கசியும். நீலத்தில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தால்தான் சிறிய உருவில் அது கருப்பாகத் தெரியாது.

உங்கள் மேசையில் இந்த வழியில் உள்ள போர் காட் மலையேற்றம் இருந்தால், அங்கே ஏற்றம் 37-க்கு 1. நீண்ட ரேக்குக்குக் மலையடியில் உள்ள கர்ஜத்தில் பின்னால் பேங்கர் (பின்னிருந்து தள்ளும்) என்ஜின்கள் சேர்ந்து, மலை ஏறியதும் கழன்றுவிடும். புனே நோக்கி ஏறும் வண்டிக்கு மட்டும் அவற்றை வையுங்கள்.