ரேங்க் பட்டியலைப் பார்க்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ரேங்க் என்பது வரிசை மட்டுமே. முன்னால் இருப்பவர் எவ்வளவு முன்னால் என்று அது சொல்லாது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுப் பட்டியலின் நடுப்பகுதியைப் பாருங்கள்: பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்து 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பார்கள். கட்-ஆஃப் சமமானால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். "பக்கத்து வீட்டுப் பையன் 400 ரேங்க் முன்னாடி" என்று பிள்ளையைத் திட்டும் முன் மதிப்பெண்ணைப் பாருங்கள்.

பர்சன்டைலைச் சதவீதமாக எண்ணுவது அடுத்த தவறு. ஜேஇஇ மெயினில் 99 பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 99 வாங்கியதாக அர்த்தமில்லை. எழுதியவர்களில் 99 சதவீதம் பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள். 10 லட்சம் பேர் எழுதினால் உங்களுக்கு மேலே ஏறக்குறைய 10,000 பேர்!

கல்லூரி விளம்பரங்களில் வரும் "முதலிடம்" எந்தப் பட்டியலில் என்று தேடுங்கள், பல நேரம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃபின் பொறியியல் பட்டியலில் ஆராய்ச்சிக்கு 30 சதவீதம், பொதுவான பெயருக்கு 10 சதவீதம். தரவுகளில் பெரும்பகுதி கல்லூரிகளே கொடுப்பவை. பி.இ. சேரப் போகிறவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, தான் படிக்கப்போகும் துறையில் எத்தனை ஆசிரியர்கள் என்பதே முக்கியம் என்பது என் கட்சி.

சதுரங்கத்தில் குழப்பம் வேறு மாதிரி. 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோதும் தரவரிசையில் முதலிடம் நார்வேயின் கார்ல்சனுக்குத்தான். 2011 ஜூலை முதல் அவர் அந்த இடத்தை விடவில்லை. பட்டம் ஒரு போட்டியில் வெல்வது, தரவரிசையைத் தீர்மானிக்கும் ஈலோ புள்ளி தொடர்ந்து ஆடிச் சேர்ப்பது. அந்தப் புள்ளியும் ஜாதகம் அல்ல. 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் 10 ஆட்டத்தில் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று) சுமார் 7.5 எடுப்பார் என்பதே கணக்கு, மீதி 2.5 எதிராளிக்கு. ஒரு கிராண்ட்மாஸ்டர் தன்னைவிட 200 குறைந்தவரை வென்றால் 2.4 ஈலோ புள்ளி ஏறும், டிரா செய்தாலே 2.6 இறங்கும். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லா நிலை ஆட்டக்காரர்களும் கலந்து ஆடும் சில ஓப்பன் போட்டிகளைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன வருடக் கட்-ஆஃபை வைத்துக் கல்லூரி தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒன்று. கணிதத் தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லாருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும். அங்கே மட்டும் ரேங்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். போன வருடம் அந்தத் துறையில் கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க் என்ன, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் என்ன என்று பார்த்துவிட்டு விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.